கேபினில் தண்ணீர் சொட்டுகிறதா? அறிகுறியை வைத்து மூலத்தைப் பிடிக்கும் வழி

விமானத்தின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டினால், மேலே ஓட்டை விழுந்துவிட்டதோ என்றுதான் பயணி முதலில் பயப்படுவார். பறக்கும்போது ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வராது. உள்ளே காற்றழுத்தம் அதிகம் என்பதால் கேபின் காற்றுதான் அந்த வழியே வெளியே பீறிடும். சொட்டுவது, உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் மூச்சாகவும் வியர்வையாகவும் விட்ட நீர்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 50 முதல் 100 கிராம் வரை நீராவி விடுகிறார். 70 கிராம் என்று வைத்துக்கொண்டாலும், 180 பேர் நிறைந்த விமானத்தில் மணிக்குப் பன்னிரண்டரை லிட்டர் ஆகிறது. நான்கு மணி நேரப் பயணத்தில் ஐம்பது லிட்டர். இதில் பெரும்பகுதி அவுட்ஃப்ளோ வால்வ் (கேபின் காற்றை வெளியே விடும் வால்வ்) வழியாக வெளியே போய்விடும். போகாமல் தங்கும் நீரைத் தேடிப் பிடிப்பதுதான் நம் வேலை.

"கேபின் காற்று அவ்வளவு வறட்சியாக இருக்கிறதே, உதடெல்லாம் வெடிக்கிறதே, அதில் ஏது தண்ணீர்?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். பறக்கும் உயரத்தில் கேபினின் ஈரப்பதம் வழக்கமாக 10 முதல் 20 சதவீதம். ஆனால் 23 டிகிரி வெப்பமும் 15 சதவீத ஈரப்பதமும் கொண்ட காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை, பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரியை ஒட்டி இருக்கும். 36,000 அடியில் வெளிக்காற்று மைனஸ் 56 டிகிரி. வேகத்தால் காற்று அழுந்திச் சூடாவதால் விமானத்தின் வெளித்தகடு அவ்வளவு குளிராது என்றாலும், மைனஸ் 30ஐ ஒட்டியே நிற்கும். மைனஸ் 5க்கும் மைனஸ் 30க்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். வறண்ட காற்றாக இருந்தாலும் அந்தத் தகட்டைத் தொட்டால் தன்னிடம் உள்ள ஈரத்தை உறைபனியாக அங்கே விட்டுவிட்டுத்தான் போகும்.

தொடவும் செய்கிறது. கூரைப் பேனல், பக்கச்சுவர்ப் பேனல், மேல் லக்கேஜ் அறை ஆகியவற்றின் இடுக்குகளில் எல்லாம் காற்று புகும். சூடான காற்று மேலேறி உச்சிக்குப் போகும், அங்கே தகட்டில் பட்டுக் குளிரும், கனத்துத் தகட்டோரமாகவே கீழே இறங்கும், மறுபடி உள்ளே வரும். பயணம் முழுக்க இந்தச் சுற்று நிற்பதில்லை. அதனால்தான் உச்சியில் உறைபனி அதிகம்.

இந்தக் குறிப்பு போயிங் 737, ஏர்பஸ் ஏ320 போன்ற அலுமினிய உடல், ஒற்றை நடைபாதை விமானங்களை மனதில் வைத்தது. பயணங்களுக்கு இடையே விமானத்தைக் கவனிக்கும் லைன் மெயின்டனன்ஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், லாக் புக்கில் புகார் எழுதும் கேபின் குழுவினருக்கும் உதவும். எதைக் கழற்றலாம், எதை மாற்றலாம் என்பதில் உங்கள் விமானத்தின் பராமரிப்புக் கையேடுதான் கடைசி வார்த்தை.

எதையும் கழற்றுவதற்கு முன்

தரையிறங்கியதும் கதவருகே நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"சார், பதினாலாவது வரிசையில மேலேருந்து தண்ணி கொட்டுச்சு."

"எப்பம்மா? ஏறும்போதா, இறங்கும்போதா?"

"அது... பேசெஞ்சர்தான் சொன்னாங்க சார், நான் பார்க்கல."

இந்த ஒரு பதில் கிடைக்காததால் வீணாகும் மணிநேரங்கள் கொஞ்சநஞ்சமல்ல. சொட்டும் இடம் மூலத்தைக் காட்டாது. தண்ணீர் பேனல் மேல் ஓடி, எந்த இடுக்கு கிடைக்கிறதோ அங்கே விழும். ஐந்தாறு வரிசை தள்ளி விழுவது சாதாரணம். சொட்டும் நேரம்தான் மூலத்தைக் காட்டும்.

தரையில், பயணிகள் ஏறிக்கொண்டிருக்கும்போது வந்தால் ஏசி பேக்கையோ (கேபினுக்குக் குளிர்காற்று தயாரிக்கும் கருவித்தொகுதி) மழைக்கசிவையோ சந்தேகப்படுங்கள். டேக்ஆஃபில் மூக்கைத் தூக்கும் நொடிகளில் கொட்டினால், அது முந்தைய பயணத்தில் உருகிப் பேனல் மேல் தேங்கிய தண்ணீர். இறக்கத்தில் தொடங்கி, தரையிறங்கிய பிறகும் சொட்டினால் உறைபனி உருகுகிறது. உயரத்தில் நிலையாகப் பறக்கும்போது, இரண்டு மணி நேரமாக விடாமல் சொட்டுகிறது என்றால் ஒடுக்கத்தை (நீராவி குளிர்ந்து நீராவது) ஓரமாக வைத்துவிட்டுக் குழாய்களைப் பாருங்கள். அந்த நேரத்தில் தகட்டோர ஈரம் பனியாக உறைந்து கிடக்கும், ஓடாது.

ஆகவே கேபின் குழுவினர் லாக் புக்கில் "தண்ணீர் கசிவு" என்று இரண்டு சொல்லோடு நிறுத்தாமல், வரிசை எண், எந்தக் கட்டத்தில் தொடங்கியது, எப்போது நின்றது, தண்ணீர் தெளிவாக இருந்ததா நிறமாக இருந்ததா, வாடை உண்டா, விமானம் நிறைந்திருந்ததா என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது. பொறியாளர் பேனலைத் திறக்கும் நேரத்துக்குள் சாட்சி காய்ந்துபோயிருக்கும்.

அறிகுறி: காற்றுத் துளைகளிலிருந்து வெள்ளைப் புகை

சென்னையிலோ கொழும்பிலோ மழைக்கால மாலையில் விமானம் ஏறியவர்கள் பார்த்திருப்பார்கள். மேலே உள்ள துளைகளிலிருந்து வெண்மையாக ஏதோ வழியும். ஓரிரு அடி இறங்கியதும் கரைந்துவிடும். இது மூடுபனி. சென்னையில் வெளிக்காற்றின் பனிநிலை 25 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. திறந்த கதவு வழியாக அந்தக் காற்று கேபினை நிரப்புகிறது. பேக்கிலிருந்து வரும் குளிர்காற்று அதோடு கலந்ததும் ஈரம் துளிகளாகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: வாடை இருந்தால், கண் எரிந்தால், மேல்நோக்கி எழுந்தால், கரையாமல் தங்கினால் அதை மூடுபனி என்று எண்ணிச் சும்மா இருக்கக் கூடாது. புகைக்கான நடைமுறையையே பின்பற்ற வேண்டும்.

மூடுபனிதான் என்று உறுதியானால், வெப்பநிலைத் தேர்வைக் கொஞ்சம் உயர்த்தினாலே அடங்கும். அடங்குகிறதா என்பதே ஒரு சோதனையும் ஆகும். பயணிகள் ஏறும் கதவைத் தவிர மற்றவற்றை மூடிவைப்பது, ஜன்னல் திரைகளை இறக்கி வைத்து வெயிலைத் தடுப்பது, தரையிலிருந்து கொடுக்கும் குளிர்காற்றை முன்கூட்டியே இணைப்பது எல்லாம் பயன் தரும்.

மூடுபனியோடு துளிகளும் தெறித்தால் கதை வேறு. பேக்கில் நீரைப் பிரிக்கும் பகுதி சரியாக வேலை செய்யவில்லை. பழைய அமைப்புகளில், பேக்கில் காற்றைக் குளிர்விக்கும் டர்பைனுக்குப் பிறகு ஒரு துணிப்பை இருக்கும். நுண்துளிகளைச் சேர்த்துப் பெருந்துளியாக்குவது அதன் வேலை. அழுக்கேறினால் காற்று அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும், ஈரமும் கூடவே போகும். பையை எடுத்துப் பாருங்கள், அடைப்பு காட்டும் குறி இருந்தால் அதையும் பாருங்கள். ஏ320 போன்றவற்றில் நீரைப் பிரிப்பது டர்பைனுக்கு முன்பே, உயர் அழுத்தத்தில், ஈரத்தைத் துளிகளாக்கும் கன்டென்ஸரும் துளிகளைப் பிரித்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரும் சேர்ந்து செய்யும் வேலை. பிரித்த நீரை வீணாக்காமல் ராம் காற்றில் (பறக்கும் வேகத்தில் உள்ளே பாயும் வெளிக்காற்று) தெளித்து வெப்பப் பரிமாற்றியைக் குளிர்விக்கிறார்கள். அந்தத் தெளிப்பு முனை அடைத்துக்கொண்டால் நீர் போக வழியில்லாமல் தேங்கி, காற்றோடு கேபினுக்குப் போகும். சின்ன முனை, பெரிய தலைவலி.

இன்னொன்று: தரையில் நின்ற சிறிது நேரத்தில் கூரையில் ஒரே இடத்தில் சொட்டு, பேக்கில் குறை ஏதும் இல்லை என்றால், அங்கே போகும் காற்றுக்குழாயின் மேலுறை கிழிந்திருக்கலாம். உறையில்லாத குளிர்க்குழாய் ஈரக்காற்றில் வியர்த்துக் கொட்டும்.

அறிகுறி: இறங்கும்போது கூரையிலிருந்து சொட்டு, அல்லது டேக்ஆஃபில் ஒரே கொட்டு

பொறுமையாகப் பார்க்க வேண்டியது இதைத்தான். மேலே சொன்ன உறைபனி முழுவதும் வெளித்தகட்டின் உட்புறத்தில், தகட்டைத் தாங்கும் சட்டங்களான ஃப்ரேம்களிலும் ஸ்ட்ரிங்கர்களிலும் ஒட்டிக் கிடக்கிறது. இறக்கத்தில் தகடு பூஜ்யத்தைக் கடந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் உருகத் தொடங்கும். உருகுவது குறையல்ல. விமானத்தை அப்படி எதிர்பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள். உருகிய நீர் தகட்டுக்கும் இன்சுலேஷன் பிளாங்கெட்டுக்கும் (வெப்பம் காக்கும் மெத்தை விரிப்பு) நடுவே, தகட்டோரமாகவே இறங்கி, அடிவயிற்றில் உள்ள பில்ஜை (நீர் சேரும் அடிப்பள்ளம்) அடைந்து, வடிகால் வழியே வெளியேற வேண்டும். அந்தப் பாதை எங்கே தவறுகிறது என்பதுதான் தேடவேண்டியது.

தவறும் இடம் பெரும்பாலும் பிளாங்கெட்தான். அதைப் பொருத்துவது ஓடு வேய்வதைப் போன்றது. மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிந்திருந்தால் மழை வழிந்து போகும், மாறிப் படிந்தால் வீட்டுக்குள் வரும். இங்கே மழை வருவது தகட்டுப் பக்கம். ஆகவே மேல் பிளாங்கெட்டின் கீழ் விளிம்பு, கீழ் பிளாங்கெட்டுக்குத் தகட்டுப் பக்கமாக இறங்கியிருக்க வேண்டும். உள்பக்கமாக மடிந்திருந்தால் உருகிய நீர் முழுவதும் கூரைப் பேனலின் முதுகில் வந்து விழும்.

கூரைப் பேனலைத் திறந்ததும் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், பேனலின் மேல்பக்கத்தில் காய்ந்த நீர்க்கோடு எந்தத் திசையிலிருந்து வருகிறது? விமானம் பறக்கும்போது மூக்கு இரண்டு மூன்று டிகிரி தூக்கியே இருக்கும், ஏறும்போது இன்னும் அதிகம். அப்போது தண்ணீர் பின்னால் ஓடும். பிரேக் பிடிக்கும்போது முன்னால் பாயும். டேக்ஆஃபில் கொட்டியது என்றால் சொட்டிய இடத்துக்கு முன்பக்கம் தேடுங்கள், தரையிறங்கி வேகம் குறையும்போது கொட்டியது என்றால் பின்பக்கம் தேடுங்கள். கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் தேங்கிய இடம் கிடைக்கும். அதற்கு நேர் மேலே தலையைத் தூக்குங்கள்.

அடுத்து, பிளாங்கெட்டைக் கையால் அழுத்துங்கள். உள்ளே இருக்கும் கண்ணாடி இழை தானாக நீரைக் குடிப்பதில்லை. ஆனால் மேலுறையில் ஊசித்துளை இருந்தால் ஈரக்காற்று உள்ளே போய், குளிர்ந்து, நீராகித் திரும்பி வர வழியின்றிக் கிடக்கும். கனத்துத் தொங்கும் பிளாங்கெட்டை அழுத்தினால் நீர் கசியும். அப்படிப்பட்டதைத் துடைத்து மாட்டுவதில் பயனில்லை. எடுத்துக் காயவைக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். அடிவிளிம்பில் வடிதுளைகள் உண்டென்றால் அவை கீழ்நோக்கி இருக்கின்றனவா, தலைகீழாக மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். தலைகீழாக மாட்டுவது நடக்காத காரியம் அல்ல.

பிறகு இடைவெளிகள். ஃப்ரேமை மூடும் பட்டை விழுந்திருக்கலாம், பிடிக்கும் கிளிப் உடைந்திருக்கலாம், லக்கேஜ் அறையைத் திரும்பப் பொருத்தும்போது பிளாங்கெட் நசுங்கி ஒரு ஓரம் விலகியிருக்கலாம். அண்மையில் அந்தப் பகுதியில் என்ன வேலை நடந்தது என்று பதிவேட்டைப் புரட்டுங்கள். உச்சியில் வைஃபை ஆன்டெனா பொருத்தியது, புது வயரிங் இழுத்தது, சி-செக் எனும் பெரிய ஆய்வில் கூரையைத் திறந்து மூடியது என ஏதாவது இருந்தால் என் பந்தயம் அங்கேதான். ஒடுக்கப் புகார்களில் பாதியாவது வானிலையின் குறையல்ல, அவசரத்தில் மூடிய பேனல்களின் குறை என்பது என் அபிப்பிராயம்.

கிழிசலை ஒட்டுவதில் கவனம் வேண்டும். கையில் கிடைத்த டேப்பையோ, பிளாஸ்டிக் தாளையோ வைத்து மேலே ஒரு தற்காலிகக் கூடாரம் கட்டக் கூடாது. 1998 செப்டம்பர் 2 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் அருகே கடலில் விழுந்த ஸ்விஸ்ஏர் 111 விமானத்தில், கூரைக்கு மேலே தொடங்கிய தீ, உலோகப் பூச்சுள்ள பிளாங்கெட் மேலுறையைப் பிடித்துக்கொண்டு பரவியது. 229 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அந்த வகை மேலுறையை அமெரிக்க விமானத் துறை நீக்கச் சொன்னது. கூரைக்கு மேலே உள்ள ஒவ்வொரு துண்டுக்கும் தீச்சோதனை உண்டு. ஒட்டும் டேப்புக்கும் உண்டு. கேபின் குழுவினர் நல்ல எண்ணத்தில் இடுக்கில் செருகும் காகிதக் கைக்குட்டைக்கு அது கிடையாது. செருகினால் லாக் புக்கில் எழுதிவிடுங்கள், அதை எடுத்துவிட வேண்டும் என்று பொறியாளருக்குத் தெரியவரும்.

எல்லாம் சரியாகப் பொருந்தியிருந்தும், நிறைந்த விமானம், நாளுக்குப் பல மணிநேரப் பறப்பு, குளிர்நாட்டுப் பாதை என்று மூன்றும் சேர்ந்தால் சொட்டத்தான் செய்யும். காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. அதற்கு என்ன செய்வது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அறிகுறி: ஜன்னலில் பனிப்பூ, அல்லது கண்ணாடிகளுக்கு நடுவே மங்கல்

ஜன்னலில் மூன்று அடுக்கு உண்டு. வெளி அடுக்கு, நடு அடுக்கு, நம் கை படும் உள் அடுக்கு. நடு அடுக்கின் கீழ்ப்பக்கம் சின்னதாக ஒரு துளை இருக்கும். அழுத்தத்தைச் சமன்செய்யவும், இடைவெளியில் ஈரம் சேராமல் இருக்கவும் வைத்தது அது. அந்தத் துளையைச் சுற்றிப் பனிப்பூ பூத்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். ஜன்னல் முழுக்க மங்கி, தரையிலும் தெளியாமல் நின்றால் துளை அடைத்திருக்கிறது, அல்லது சீல் போயிருக்கிறது. துளையைச் சுத்தம் செய்து ஒரு பயணம் பாருங்கள். அதன் பிறகும் மங்கினால் ஜன்னலைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

அறிகுறி: கதவருகே, கேல்லி (விமானச் சமையலறை) அருகே கார்ப்பெட் ஈரம்

இங்கே சந்தேகப்பட இருவர் இருக்கிறார்கள். கதவுப் பகுதியில் பிளாங்கெட் மெல்லியது, உலோகம் அதிகம், ஆகவே குளிர்ச்சியும் அதிகம். சீல் கொஞ்சம் கசிந்தாலும் ஈரக்காற்று அந்த வழியே வெளியேறும்போது ஓரத்தில் பனிக்கட்டியாகக் கட்டும், இறக்கத்தில் உருகிக் கார்ப்பெட்டை நனைக்கும். பறக்கும்போது கதவோரம் சீழ்க்கை ஒலி கேட்டதா என்று குழுவினரைக் கேளுங்கள்.

இன்னொருவர் கேல்லியும் டாய்லெட்டும். பிரித்தறிவது எளிது. நிறம் பாருங்கள்: காப்பிக் கறை, பழச்சாற்றின் பிசுபிசுப்பு, டாய்லெட் திரவத்தின் நீலம் எதுவாக இருந்தாலும் அது ஒடுக்கம் அல்ல. ஒடுக்க நீர் தெளிவாக இருக்கும். அதிகம் போனால் தூசும் பஞ்சும் கலந்து சாம்பல் நிறம் காட்டும். நிறம் காட்டாமல் குழப்பினால், ஈரத்தை உறிஞ்சி உலர்த்திவிட்டுக் காய்ந்த காகிதம் விரித்து, குடிநீர் அமைப்பைத் தரையில் அழுத்தத்தோடு இயக்கி வையுங்கள். காகிதம் நனைந்தால் குழாய், நனையாவிட்டால் அடுத்த பயணத்துக்குப் பிறகு மறுபடி பாருங்கள்.

ஈரக் கார்ப்பெட்டைத் துடைத்துவிட்டுப் போகிறவர்களுக்காக ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 2008 ஜனவரி 7 அன்று லண்டனிலிருந்து பாங்காக் வந்துகொண்டிருந்த குவாண்டாஸ் 747-400, இறங்கும் நேரத்தில் நான்கு முதன்மை மின்தடங்களில் மூன்றை இழந்தது. முன் கேல்லியின் வடிகால் அடைத்துக்கொண்டு வழிந்த தண்ணீர், தரைக்குக் கீழே மின்னணுப் பெட்டிகளுக்கு மேல் இருந்த, விரிசல் விட்ட சொட்டுத் தடுப்பு வழியாக ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் இறங்கியிருக்கிறது. விமானம் பத்திரமாக இறங்கியது. காரணம் ஒடுக்கம் அல்ல, ஆனால் பாடம் ஒடுக்கத்துக்கும் பொருந்தும்: முன் கதவருகே கார்ப்பெட் ஈரமென்றால் அதற்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று இறங்கிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தரைப் பேனல்களின் இணைப்பில் சீலன்ட் விட்டுப்போயிருந்தால், நீர் இருக்கைத் தண்டவாளத்தில் இறங்கித் துரு பிடிக்க வைக்கும். அலுமினியத்தின் துரு செந்நிறமாக இராது. வெள்ளைப் பொடி, அல்லது ஏடு ஏடாக உரிதல். கேல்லி, டாய்லெட், கதவு ஆகிய மூன்றுக்கும் கீழே துரு ஆய்வு கடுமையாக இருப்பது இதனால்தான்.

அறிகுறி: மின் குறை வரும், போகும்

வாசிப்பு விளக்கு மினுக்குகிறது, பணிப்பெண் அழைப்பு மணி தானாக அடிக்கிறது, ஒரு சென்ஸர் இறக்கத்தில் மட்டும் பிழை காட்டுகிறது. தரையில் சோதித்தால் எல்லாம் சுத்தம். "சோதித்தோம், குறை இல்லை" என்று எழுதி மூடும் புகார் இது. மூன்றாம் முறையும் அதே இடத்தில், இறக்கத்திலேயே வந்தால் கனெக்டரைத் திறந்து பாருங்கள். பின்களில் பச்சை படிந்திருக்கும். வயர் கனெக்டருக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவாகத் தொங்க வேண்டும், நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். வயரை இழுத்துக் கட்டி அந்த வளைவை ஒழித்திருந்தால் நீர் நேரே கனெக்டருக்குள் ஓடும். சுத்தம் செய்தால் மட்டும் போதாது, வளைவைத் திரும்பக் கொடுங்கள்.

சரக்கறைப் புகை எச்சரிக்கை தனி ரகம். காய்கறி, பழம், பூ, உயிருள்ள விலங்குகள் போன்றவை ஏற்றிய பயணங்களில் ஈரப்பதம் கூடி, ஒளியை வைத்துப் புகையை உணரும் கருவி நீர்த்திவலையைப் புகையாக எண்ணிவிடுவது உலகெங்கும் தெரிந்த பிரச்சினை. பறக்கும்போது விமானி அதை உண்மையான தீயாகவே நடத்துவார், நடத்தவும் வேண்டும். தரையில், கருவியைக் கழற்றுவதற்கு முன் அன்றைய சரக்குப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி: காலையில் கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை

ஏசி ஓடாமலே வாடை இருந்தால் ஈரப் பிளாங்கெட், ஈரக் கார்ப்பெட். பேக்கை இயக்கியதும் அழுக்குக் காலுறை வாடை கிளம்பினால் அது ஒடுக்கம் அல்ல, எஞ்சின் அல்லது ஏபியூ (வாலில் உள்ள துணை எஞ்சின்) எண்ணெய் காற்றில் கலந்ததாக இருக்கலாம். அதற்கு வேறு நடைமுறை, வேறு தீவிரம். இரண்டையும் ஒன்றாக்கி வாசனைத் திரவியம் அடிக்கும் வழக்கத்தை யார் தொடங்கினார்களோ!

அறிகுறி: அடிவயிறு சந்தேகத்துக்கு இடமாக உலர்ந்திருக்கிறது

இதை யாரும் புகாராக எழுதமாட்டார்கள். நீங்களே போய்ப் பார்க்க வேண்டும். விமானத்தின் அடியில் வரிசையாக வடிகால் வால்வுகள் இருக்கும். பறக்கும்போது கேபின் அழுத்தம் அவற்றை மூடிவைக்கும், தரையில் அழுத்தம் போனதும் தானாகத் திறக்கும். நீண்ட பயணத்திலிருந்து வந்து நிற்கும் விமானத்தின் அடியில், ஒவ்வொரு வால்வுக்குப் பின்னும் ஒரு ஈரக்கோடோ அழுக்குக்கோடோ தெரிய வேண்டும். ஒன்றில் மட்டும் கோடே இல்லை என்றால் அது அடைத்திருக்கிறது என்று வையுங்கள்.

அடைப்பது பஞ்சு, தூசு, சீலன்ட் துணுக்கு, சில சமயம் துரு தடுக்க அடித்த எண்ணெய்ப்பூச்சே இறுகிப்போய். உலோகக் கம்பியால் குத்தாதீர்கள், கீறல் புதுத் துருவுக்கு விதை. மரக்குச்சியோ பிளாஸ்டிக் குச்சியோ போதும். உள்ளே, வடிகாலைவிடத் தாழ்ந்த பள்ளங்களை மேடாக்க ஒரு நிரப்புப் பூச்சு போட்டிருப்பார்கள். அது வெடித்திருந்தால் வால்வ் திறந்திருந்தும் பள்ளத்தில் நீர் நிற்கும். பில்ஜில் பிளாங்கெட்டின் நுனி நீரில் தோய்ந்து கிடந்தால் அதையும் தூக்கிக் கட்டுங்கள்.

அறிகுறி: விமானம் எடை கூடிவிட்டது

மறுஎடை போடும்போது கணக்கில் வராத கிலோக்கள் தெரியும். தூசு, கூடுதல் பெயின்ட் என்று பல காரணம் இருக்கலாம். ஆனால் பிளாங்கெட்டுகளில் ஊறிய நீர் மட்டும் நூற்றுக்கணக்கான கிலோ வரை போகக்கூடும். அந்த எடையைச் சுமக்க ஒவ்வொரு பயணத்திலும் எரிபொருள் எரிகிறது. ஈர பிளாங்கெட்டை மாற்ற மேலதிகாரியிடம் அனுமதி வாங்க, துருவைவிட இந்தக் கணக்கு சீக்கிரம் வேலை செய்யும்.

திரும்பத் திரும்ப வந்தால்

பொருத்துதல் சரி, வடிகால் சரி, ஆனாலும் சொட்டு நிற்கவில்லை என்றால் உலர்த்தும் நேரத்தைக் கூட்ட வேண்டும். இரவு நிறுத்தத்தில் கூரைப் பேனல்களைத் திறந்து, சூடான வறண்ட காற்றை உள்ளே விடுவது நல்ல பலன் தரும். வெளிக்காற்று வறண்டிருக்கும் ஊரில் கதவுகளைத் திறந்து வைத்தாலே போதும். கடலோர ஊரில் ஆகஸ்ட் இரவில் கதவைத் திறந்து வைத்தால் ஈரத்தை அழைத்து உட்காரவைக்கிறீர்கள். சில விமானங்களில் கூரைக்கு மேலே நோமெக்ஸ் ஃபெல்ட் (தீ எளிதில் பற்றாத கம்பளி போன்ற விரிப்பு) விரித்திருப்பார்கள். உருகும் நீரைப் பிடித்து வைத்து மெல்ல ஆவியாக விடும். அது அழுக்கேறி விறைத்திருந்தால் மாற்றுங்கள்.

இதற்கென்றே ஒரு கருவியும் உண்டு. சிலிக்கா ஜெல் பூசிய சக்கரம் மெல்லச் சுழன்றபடி காற்றின் ஈரத்தை உறிஞ்சும், உலர்ந்த காற்றைத் துளைக்குழாய் வழியே உச்சிக்கு அனுப்பும். ஸ்வீடனின் சிடிடி சிஸ்டம்ஸ் இந்தத் துறையில் பெயர்பெற்ற நிறுவனம். போயிங் 787இல் இப்படிப்பட்ட உலர்த்தி கட்டுமானத்தோடே வருகிறது. அதன் உடல் கார்பன் இழைக் கலவை என்பதால் அலுமினியம்போல் துருப்பிடிக்காது, அந்தத் தைரியத்தில் கேபினில் கொஞ்சம் கூடுதல் ஈரப்பதத்தையும் வைத்திருக்கிறார்கள். சொட்டு என்னவோ அங்கேயும் சொட்டுதான். உலர்த்தி உள்ள விமானத்தில் திடீரென்று கூரை ஒழுகத் தொடங்கினால், பிளாங்கெட்டைத் தொடுவதற்கு முன் உலர்த்தி ஓடுகிறதா, அதன் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அது நின்றுபோனால் யாருக்கும் தெரியாது, எந்தப் பயணியும் புகார் சொல்லமாட்டார், சில வாரம் கழித்துத்தான் மழை வரும்.

மழையில் நின்றால் மட்டும் ஒழுகுகிறது

பறப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆன்டெனா அடிப்பகுதியின் சீலன்ட், கதவு சீல், எமர்ஜென்ஸி வாசல் ஓரம் ஆகிய மூன்றையும் பாருங்கள். பறக்கும்போது உள்ளழுத்தம் காப்பாற்றும், நிறுத்தியிருக்கும்போது காப்பாற்ற யாருமில்லை.

பல வாரம் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தால்

2020இல் பறப்பு நின்றபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் விமானங்கள் சிலவற்றை ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பாலைவனத்துக்கு அனுப்பியது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, அங்கே காற்று வறண்டது. அந்த வசதி எல்லாருக்கும் வாய்க்காது. ஈரமான ஊரிலேயே நிறுத்துவதென்றால் குடிநீர்த் தொட்டி, குழாய்கள் எல்லாவற்றையும் முழுதாக வடியுங்கள். ஈரமான கார்ப்பெட், மெத்தை எதையும் உள்ளே வைத்து மூடாதீர்கள். கேபினிலும் சரக்கறையிலும் சிலிக்கா ஜெல் பைகளையும் ஈரப்பதம் காட்டும் அட்டையையும் கையேடு சொல்லும் எண்ணிக்கையில் வையுங்கள். அட்டையின் நிறம் மாறினால் பையை மாற்றுங்கள். எந்த இடத்தில் எத்தனை பை என்று ஒரு தாளில் எழுதி விமானி அறையில் ஒட்டிவிடுங்கள். மறுபடி பறக்கும் நாளில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு எல்லாப் பைகளையும் எண்ணி வெளியே எடுக்க வேண்டும்.